கொலஸ்ட்ரால் கணக்கும் கழுத்துச் சுரப்பியும்

நம் சங்கத்தின் சார்பில் மருத்துவ முகாம் நடக்கும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று மூன்று எண்களைக் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, கடை திறக்கும் அவசரத்தில் உறுப்பினர்கள் கிளம்பிவிடுகிறார்கள். கொலஸ்ட்ரால் கூடுதல் என்றால் வீட்டில் வடை, பஜ்ஜி நிற்கும். டாக்டர் எழுதிய மாத்திரை வாங்கப்படும். எதனால் கூடியது என்று கேட்பவர் அபூர்வம். பேரேட்டில் நிலுவை கூடினால் எந்தப் பார்ட்டியால் கூடியது என்று பக்கம் பக்கமாகப் புரட்டும் நாம், உடம்புக் கணக்கில் மட்டும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறோம்.

கொலஸ்ட்ரால் கூடுவதற்குச் சாப்பாடு, பரம்பரை, சர்க்கரை நோய் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியதும், கண்டுபிடித்தால் சரி செய்யக் கூடியதுமான ஒன்றை மட்டும் இங்கே பார்க்கலாம். அது தைராய்டு குறைவு.

நமக்கு நன்கு அறிமுகமான பருப்பு மொத்த வியாபாரி ஒருவர். வயது 54. சைவச் சாப்பாடு, புகை, மது இரண்டும் கிடையாது. முகாமில் அவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 290-ஐத் தாண்டியிருந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் தொடைச் சதையில் வலி. கிட்டங்கிப் படி ஏற முடியவில்லை என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். மத்தியானம் கல்லாவிலேயே கண் அசந்துவிடுவார். வைகாசி வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வார். போனில் பேசினால் குரல் கட்டிப்போய் ஆளை அடையாளம் தெரியாது. "அப்பாவுக்கு வியாபாரத்துல பிடிப்பு விட்டுப்போச்சு" என்று மகன் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். மாடி ஏறும்போது நெஞ்சை இறுக்குவது போல் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் நாடியைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், வழக்கமான பரிசோதனைகளோடு ஒன்றைக் கூடுதலாக எழுதினார். டி.எஸ்.எச். என்பது அதன் பெயர். ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை இருக்க வேண்டிய எண், அவருக்கு 68 என்று வந்தது.

எண் கூடினால் சுரப்பு குறைவு

இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள். எண் கூடுதல் என்றதும் தைராய்டு கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும் சிறிய சுரப்பி. தைராக்ஸின் என்ற சுரப்பு நீரை அது இரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை இதுவே நிர்ணயிக்கிறது. மூளையின் அடிப்பாகத்தில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த இருப்பைக் கண்காணிக்கிறது. இருப்பு குறைந்தால் "இன்னும் சரக்கு அனுப்பு" என்று தைராய்டுக்கு ஆர்டர் போடுகிறது. அந்த ஆர்டர்தான் டி.எஸ்.எச். சரக்கு வராவிட்டால் நாமும் மில்லுக்கு மறுபடி மறுபடி போன் செய்வோம் அல்லவா? அதுபோல, தைராய்டு படுத்துவிட்டால் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும்.

இந்தியாவில் சென்னை உள்பட 8 நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தப் பரிசோதனை வரை விஷயமே தெரியாது. பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. அதனாலேயே ஆண்களிடம் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. "வயசாச்சு, உடம்பு ஊதிப்போச்சு, சோம்பல்" என்று தள்ளிவிடுகிறார்கள்.

இரத்தக் குழாயில் என்ன நடக்கிறது?

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. அதை உள்ளே இழுத்து அப்புறப்படுத்தும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. இதற்காகக் கல்லீரல் அணுக்களின் மேல் வாங்கிக்கொள்ளும் வாசல்கள் உண்டு. அந்த வாசல்களைப் போதிய எண்ணிக்கையில் கட்டச் சொல்வது தைராய்டுச் சுரப்பு நீர். அது குறைந்தால் வாசல்கள் குறைகின்றன. லாரிகள் வந்து நிற்கின்றன, ஆனால் கிட்டங்கியில் ஒரு கதவுதான் திறந்திருக்கிறது என்றால் தெருவெல்லாம் நெரிசல்தானே? எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்குவது இப்படித்தான். கொலஸ்ட்ராலைப் பித்த நீராக மாற்றி வெளியேற்றும் வேலையும் அதே சமயத்தில் மந்தமாகிறது. ஆகவே நம் பருப்பு வியாபாரி எண்ணெயை அறவே விட்டும் எண் இறங்காததில் வியப்பில்லை. அவருடைய சிக்கல் வரவில் இல்லை, செலவில் இருந்தது.

கொழுப்போடு விஷயம் முடியவில்லை. இரத்தக் குழாயின் உட்சுவர், குழாயைத் தளர்த்துவதற்காக நைட்ரிக் ஆக்ஸைடு என்ற பொருளைத் தயாரிக்கிறது. தைராய்டு குறைந்தவர்களுக்கு இந்தத் தளர்ச்சி குறைகிறது, குழாய் விறைக்கிறது. பிரஷரில் கீழ் எண் ஏறுவதற்கு இது ஒரு காரணம். மேல் எண் 130, கீழ் எண் 96 என்பது போலக் கீழ் எண் தூக்கலாக இருந்து, நாடி மெதுவாகத் துடித்தால், தைராய்டைப் பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. விறைத்த குழாய், அதன் சுவரில் மோதும் அழுத்தம், உள்ளே மிதக்கும் கூடுதல் கொழுப்பு ஆகிய மூன்றும் பல ஆண்டுகள் சேர்ந்தால் சுவரில் கொழுப்பு படிந்து அடைப்பு வளர்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆண்டன் ஃபான் ஐசெல்ஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் ஆடுகளின் தைராய்டை அகற்றிவிட்டுக் கவனித்தபோது, அவற்றின் பெருந்தமனி கெட்டிப்பட்டிருப்பதைக் கண்டார். அது 1895-ஆம் ஆண்டு. கொலஸ்ட்ரால் பரிசோதனை என்ற ஒன்று எந்த ஊரிலும் இல்லாத காலம் அது.

ஆட்டுச் சுரப்பியில் தொடங்கிய வைத்தியம்

வைத்தியமும் ஆட்டிலிருந்துதான் தொடங்கியது. இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர் 1891-இல், தைராய்டு முற்றிலும் செயலிழந்து முகம் வீங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் எழுந்து நடமாடினார். ஊசிக்குப் பிறகு அதே மருந்தை வாய்வழியாக உட்கொண்டு, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74-ஆம் வயதில் இறந்தார். அதற்குள் அவருக்காகச் செலவான ஆடுகள் 870-க்கு மேல்! இன்று ஒரு சிறிய வெள்ளை மாத்திரையில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. தைராக்ஸினை 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் பிரித்தெடுத்தார். பின்னர் அதைச் செயற்கையாகச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். விலையும் மலிவு. கொழுப்பு மாத்திரையை விடக் குறைந்த செலவில் ஒரு மாதம் ஓடும்.

தைராய்டு தெளிவாகக் குறைந்திருப்பவருக்கு, அதாவது டி.எஸ்.எச். ஏறியும் தைராக்ஸின் இறங்கியும் இருப்பவருக்கு, இந்த மாத்திரை கொடுத்தால் எல்.டி.எல். இறங்குகிறது, பிரஷரின் கீழ் எண் இறங்குகிறது, குழாயின் விறைப்பு தளர்கிறது. கழுத்துத் தமனியின் சுவர்த் தடிமனை ஸ்கேனில் அளந்து பார்த்த சில ஆய்வுகளில் அந்தத் தடிமனும் சிறிது குறைந்திருக்கிறது. ஆனால் பல வருஷம் படிந்து சுண்ணாம்பாக இறுகிய அடைப்பு கரைந்து போய்விடும் என்று யாரும் எண்ண வேண்டாம். பழைய கடனில் புதிய வட்டி ஏறாமல் நிறுத்தலாம். அசலைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஸ்டாட்டின் மாத்திரையால் வந்த தொடை வலிக்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது. தைராய்டு குறைவே தசையை வலுவிழக்கச் செய்யும். அதைச் சரி செய்யாமல் ஸ்டாட்டினையும் கொடுத்தால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆகையால் கொலஸ்ட்ரால் மிகுதியாக இருப்பவருக்கு, ஸ்டாட்டின் தொடங்குமுன் டி.எஸ்.எச். ஒரு முறை பார்த்துவிடுவது முறை. நம் நண்பருக்கு முதலில் அதைச் செய்திருந்தால் ஓர் ஆண்டு வீணாகியிருக்காது என்ற ஆதங்கம் நமக்கு உண்டு.

அவசரம் ஆகாது

நண்பரின் எடைக்குக் கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் மாத்திரை தேவை. (முழு அளவு, எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்.) டாக்டர் கொடுத்ததோ 25 மட்டுமே. "நாலில் ஒரு பங்கு கொடுத்து ஏமாற்றுகிறாரா?" என்று மகனுக்குக் கோபம். விவரம் தெரிந்தால் கோபம் வராது. தைராய்டு குறைந்திருக்கும்போது இருதயமும் மெதுவாகவே வேலை செய்கிறது. அதற்குத் தேவையான இரத்தமும் குறைவு. அதனால் குழாயில் அடைப்பு இருந்தாலும் வலி பெரிதாகத் தெரியாமல் அடங்கிக் கிடக்கும். முழு அளவு மாத்திரையை ஒரே நாளில் கொடுத்தால் இருதயம் திடீரென வேகமெடுக்கும். அடைபட்ட குழாய் அதற்கு ஈடுகொடுக்காது. நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். எனவே வயதானவர்களுக்கும், இருதய நோய் இருப்பதாகச் சந்தேகம் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். நண்பருக்கு 100-ஐ எட்ட எட்டு மாதம் ஆயிற்று.

இதற்கிடையே ஆஞ்சியோகிராமில் ஒரு குழாயில் பாதி அடைப்பு தெரிந்தது. அறுவை வேண்டாம், மருந்தே போதும் என்றார்கள். தைராய்டு சரியானதும் கொலஸ்ட்ரால் 290-இலிருந்து 215-க்கு வந்தது. மீதியைக் குறைக்க அதே ஸ்டாட்டினை மீண்டும் தொடங்கினார்கள். இந்த முறை தொடை வலிக்கவில்லை.

மாத்திரை கொழுப்பைக் குறைக்கிறது என்றால், கூடுதலாக எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. இந்த யோசனை அமெரிக்காவில் சோதித்தே பார்க்கப்பட்டது. மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களை வைத்து 1966-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், ஒரு பிரிவினருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக டெக்ஸ்ட்ரோ தைராக்ஸின் என்ற தைராக்ஸின் வகையைக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் என்னவோ இறங்கியது. ஆனால் அந்தப் பிரிவில் சாவு கூடியது. ஆய்வு முடியும்வரை காத்திராமல் 1972-க்குள் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். சீட்டில் எண் இறங்குவதும் ஆள் பிழைப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

அளவு மீறினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 60 வயது கடந்தவர்களைப் பத்தாண்டு கவனித்து 1994-இல் வெளியிட்ட கணக்கில், டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே போனவர்களில் 28 சதவீதம் பேருக்கும், சரியான அளவில் இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும் இந்தத் துடிப்புக் கோளாறு வந்தது. இந்தக் கோளாறு இருதயத்தில் இரத்தத்தை உறைய வைத்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் பக்கவாதத்தை உண்டாக்கும். எலும்பும் தேயும். உடல் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையைக் கூட்டி விழுங்குபவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். வீட்டில் கொஞ்சம் விசாரியுங்கள்.

எல்லைக் கோட்டில் இருப்பவர்கள்

டி.எஸ்.எச். 6, 7 என்று இருக்கிறது, தைராக்ஸின் சரியாக இருக்கிறது, மாத்திரை வேண்டுமா? முகாமுக்குப் பிறகு நமக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். டாக்டர்களுக்குள்ளேயே நெடுநாள் விவாதம் நடந்த விஷயம் இது.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1,149 வயதான பெண்களைப் பரிசோதித்து 2000-இல் வெளியான ஆய்வு, இப்படி லேசாகக் குறைந்தவர்களுக்கும் பெருந்தமனியில் படிவும் மாரடைப்பும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. உடனே எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பின்னர் 2010-இல், 11 ஆய்வுகளைச் சேர்ந்த 55,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இருதய ஆபத்து தெளிவாகக் கூடுவது டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் என்று தெரிந்தது. 2017-இல் ஐரோப்பாவில் 65 வயது கடந்த 737 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரையும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வு முதலிய தொந்தரவுகளில் வித்தியாசமில்லை. அவர்களில் 185 பேரின் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்து 2018-இல் சொன்ன முடிவு: சுவர்த் தடிமனிலும் வித்தியாசமில்லை.

நாம் புரிந்துகொண்டது இது. எண் 10-க்கு மேல் என்றால் பெரும்பாலும் வைத்தியம் தேவை. அதற்குக் கீழே என்றால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்பது முதல் வேலை. பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். வயது ஏற ஏற டி.எஸ்.எச். சற்றுக் கூடுவதும் இயல்பு. எழுபது வயதுப் பெரியவருக்கு 6 என்று வந்ததற்காகத் தமனியைக் காப்பாற்றுகிறோம் என்று மாத்திரை தொடங்கினால் லாபம் இல்லை, நஷ்டம் வரலாம். நாற்பது வயதுக்காரர், கொலஸ்ட்ரால் கூடுதல், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் இருக்கிறது என்றால் டாக்டர் வேறு விதமாக முடிவு செய்வார். கர்ப்பிணிகளின் கணக்கு முற்றிலும் தனி.

நம் தொழிலுக்கே உரிய தடங்கல்கள்

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லும் பலரும் விழுங்கும் முறையில்தான் தவறுகிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். காப்பி மருந்தை உடம்பில் சேர விடாது. விடியற்காலை நாலரைக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நமக்கு எழுந்ததும் கையில் டம்ளர் இருக்க வேண்டும், இங்கேதான் சிக்கல். அப்படிப்பட்டவர்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து இரவு படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்கலாம், அதற்கும் ஒப்புக்கொள்கிறார்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி தேவை. பாட்டிலை அடுப்பங்கரை அலமாரியிலோ வெயில் படும் கல்லா மேஜையிலோ வைக்கக் கூடாது. சூடும் ஈரமும் பட்டால் வீரியம் போய்விடும். சரக்கு கெடும் விதம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பெனியை மாற்றினால் ஆறு வாரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பது நல்லது.

உப்பு விஷயத்துக்கு வருவோம். "தைராய்டுக்கு எந்த உப்பு நல்லது அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர்கள் நம்மிடம்தான் கேட்கிறார்கள். அயோடின் இல்லாமல் தைராக்ஸின் உற்பத்தி ஆகாது என்பது உண்மை. அதற்காகவே அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998-இல் நாடு முழுவதும் தடை வந்தது. 2000-இல் விலக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் வந்தது. கடையில் விற்கும் உப்பில் அயோடின் 15 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. மூட்டையைத் திறந்து ஈரத்திலும் வெயிலிலும் போட்டு வைத்தால் அயோடின் குறைந்துபோகும் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் உப்பு பரவிய பிறகும் தைராய்டு குறைவு வருகிறது என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது இன்று முக்கியமான காரணம். 1912-இல் ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ எழுதி வைத்த நோய் இது. உப்பைக் கூட்டித் தின்றால் இது தீராது, பிரஷர்தான் ஏறும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்துப்பு நல்லது என்று சொல்லி விற்பதையும் நாம் விட்டுவிடலாம். அதில் அயோடின் சொற்பம். வேக வைத்த முட்டைக்கோஸை வழக்கமான அளவில் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை என்பதையும் கேட்பவர்களுக்குச் சொல்லலாம்.

அடுத்த முகாமில் கொலஸ்ட்ரால் கூடுதலாகத் தெரியும் உறுப்பினர்களுக்கு மட்டும், அதே இரத்தத்தில் டி.எஸ்.எச்.-ஐயும் பார்த்துச் சீட்டில் நான்காவது எண்ணாக எழுதித் தரும்படி செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம். செலவில் பாதியைச் சங்கம் ஏற்கலாம் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை உறுப்பினர்கள் கையோடு கொண்டுவர வேண்டும்.